இரண்டே சீசன்கள் ஆடிய ஸ்பிரிட்ஸ் ஆஃப் செயின்ட் லூயிஸ்: ஒப்பந்தத்தைத் தாண்டி அந்த அணியின் வரலாறு என்ன?

கேள்வி: மாலைநேரப் பயிற்சியாளர்

அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். மழை பெய்து ஆடுகளம் நனைந்துவிடும் நாள்களில் அவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடாமல், தாழ்வாரத்தில் உட்காரவைத்துப் பழைய அணிகளைப் பற்றியும் ஆட்டக்காரர்களைப் பற்றியும் பேசுவது எங்கள் வழக்கம். போன வாரம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், அமெரிக்காவில் ஓர் அணி ஆடுவதை நிறுத்திய பிறகும் பல வருடம் அதன் முதலாளிகளுக்குப் பணம் வந்துகொண்டே இருந்ததாமே, அந்த அணி நன்றாக ஆடுமா?" என்று கேட்டாள்.

அவள் குறிப்பிட்டது 1974 முதல் 1976 வரை ஆடிய ஸ்பிரிட்ஸ் ஆஃப் செயின்ட் லூயிஸ் அணி என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் தொலைக்காட்சி வருவாய் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்ல முடிந்த அளவுக்கு அந்த அணியின் ஆட்டத்தைப் பற்றி என்னால் சொல்ல முடியவில்லை. இணையத்தில் தேடினாலும் எல்லாக் கட்டுரைகளும் பணத்தில் தொடங்கிப் பணத்திலேயே முடிகின்றன. அந்த அணி எப்படி உருவானது, யார் யார் ஆடினார்கள், அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. ஏன் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சொல்லுவேன்.

பதில்: பழைய பாயின்ட் கார்டு

வணக்கம் ஐயா. முதலில் சொல்ல வேண்டியது, அந்த அணி செயின்ட் லூயிஸில் பிறந்ததே அல்ல. என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக 1967இல் ஏ.பி.ஏ. லீக் தொடங்கப்பட்டபோது அது ஹியூஸ்டன் மேவரிக்ஸ் என்ற பெயரில் டெக்ஸஸில் இருந்தது. இரண்டு சீசன்களுக்குப் பிறகு வட கரோலைனாவுக்குப் போய், கரோலைனா கூகர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, ஒரே நகரத்தில் தங்காமல் அந்த மாநிலத்தின் பல நகரங்களில் மாறி மாறி ஆடியது. 1972-73 சீசனில் லாரி பிரவுனின் பயிற்சியில் அந்தக் கூகர்ஸ் அணி 57 ஆட்டங்களில் வென்றது. அதன் ஆட்டக்காரர் பில்லி கன்னிங்ஹாம் அந்த ஆண்டின் மதிப்புமிக்க வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் 1974இல் கன்னிங்ஹாம் ஃபிலடெல்ஃபியாவுக்குத் திரும்பிவிட்டார். பிரவுனும் மேக் கால்வினும் டென்வருக்குப் போய்விட்டார்கள். துணித் தொழிலில் பணம் சேர்த்திருந்த ஆஸி சில்னா, டேனியல் சில்னா என்ற சகோதரர்கள் அந்த ஆண்டு கூகர்ஸை வாங்கி மிசௌரி மாநிலத்துக்குக் கொண்டுவந்தபோது அவர்கள் கைக்கு வந்தது 57 வெற்றி கண்ட அணி அன்று, லீக்கில் ஆடுவதற்கான உரிமமும் மிஞ்சியிருந்த சில ஆட்டக்காரர்களுமே.

செயின்ட் லூயிஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. 1958இல் என்.பி.ஏ. பட்டம் வென்ற ஹாக்ஸ் அணி 1968இல் அந்த நகரத்தை விட்டு அட்லாண்டாவுக்குப் போய்விட்டது. பெரிய நகரம், பெரிய அரங்கம், ஆனால் தொழில்முறைக் கூடைப்பந்து கிடையாது. இரண்டு லீக்குகளும் என்றாவது ஒருநாள் ஒன்றாக இணையும், அப்போது பெரிய நகரத்து அணியை என்.பி.ஏ. விடாது என்று சகோதரர்கள் கணக்கிட்டார்கள். பேஸ்பாலிலும் பனி ஹாக்கியிலும் ஊறிய அந்த ஊர் ஹாக்ஸை ஏன் தக்கவைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அவர்கள் போதிய எடை கொடுக்கவில்லை என்பது என் கருத்து. 1927இல் சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தன்னந்தனியாக ஓட்டிச்சென்ற விமானத்தின் பெயரைத்தான் அணிக்கு வைத்தார்கள். அந்தப் பயணத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் செயின்ட் லூயிஸ் வணிகர்கள் என்பதால் ஊர்க்காரர்களுக்கு அது பெருமைக்குரிய பெயர்.

அணியை ஏறக்குறைய புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது. கல்லூரியை விட்டு அப்போதுதான் வந்த இளைஞர்களான மார்வின் பார்ன்ஸ், மாரிஸ் லூக்கஸ், கஸ் ஜெரார்ட், 'ஃப்ளை' வில்லியம்ஸ் ஆகியோர் ஒருபுறம் இருக்க, இண்டியானா பேசர்ஸ் அணியோடு மூன்று பட்டங்கள் வென்றிருந்த ஃப்ரெடி லூயிஸ் அனுபவசாலியாக இன்னொரு புறம் நின்றார். பயிற்சியாளர் பாப் மெக்கினன். வானொலி வர்ணனைக்கு, கே.எம்.ஓ.எக்ஸ். நிலையத்தில் 22 வயது இளைஞர் ஒருவரை அமர்த்தினார்கள். பின்னாளில் அமெரிக்கா முழுவதும் அறிந்த விளையாட்டு வர்ணனையாளரான பாப் காஸ்டஸ்தான் அவர். 50,000 வாட் ஆற்றல் கொண்ட அந்த நிலையத்தின் ஒலி இரவு நேரத்தில் பல மாநிலங்களுக்குப் போய்ச் சேரும்.

பார்ன்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருக்கு வரலாறு நியாயம் செய்யவில்லை என்று நான் நம்புகிறேன். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 1974 என்.பி.ஏ. தேர்வில் இரண்டாவதாக ஃபிலடெல்ஃபியா அவரை அழைத்திருந்தும், அவர் ஸ்பிரிட்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் சீசனிலேயே ஆட்டத்துக்குச் சராசரியாக 24 புள்ளிகளும் 15.6 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்து ஆண்டின் சிறந்த புதுமுகமானார். அதே சீசனில், நவம்பர் மாதத்தில், யாரிடமும் சொல்லாமல் அணியை விட்டுச் சில நாள்கள் போய்விட்டார் என்பதும் உண்மை. லூயிவில்லிலிருந்து செயின்ட் லூயிஸுக்கு எட்டு மணிக்குக் கிளம்பும் விமானம், நேர மண்டலம் மாறுவதால், கடிகாரப்படி எட்டு மணிக்குச் சில நிமிடங்கள் முன்பே வந்து சேரும் என்று பயணத்தாளில் பார்த்துவிட்டு, காலத்தில் பின்னோக்கிப் போகும் வண்டியில் ஏற மாட்டேன் என்று அவர் மறுத்ததாகக் காஸ்டஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். இந்தக் கதையை அறிந்தவர்களில் பலருக்கு அந்த 24 புள்ளிகளும் 15.6 ரீபவுண்டுகளும் தெரியாது. பிள்ளைகளிடம் சொல்லும்போது அந்த எண்களை முதலில் சொல்லுங்கள்.

1974-75 சீசனில் 84 ஆட்டங்களில் 32 வெற்றி, 52 தோல்வி. கிழக்குப் பிரிவில் மூன்றாம் இடம். பட்டத்துக்கான பிளேஆஃப் ஆட்டங்களின் முதல் சுற்றில் எதிரே நின்றது நியூயார்க் நெட்ஸ்: நடப்பு சாம்பியன், 58 வெற்றிகள், நடுநாயகமாக ஜூலியஸ் எர்விங். லீக் ஆட்டங்களில் இரு அணிகளும் 11 முறை மோதியிருந்தன. பதினொன்றிலும் நெட்ஸே வென்றிருந்தது. பிளேஆஃப் முதல் ஆட்டத்திலும் ஸ்பிரிட்ஸ் தோற்றது. ஆக, தொடர்ந்து 12 தோல்விகள்.

அதற்குப் பிறகு நடந்ததற்காகவே இந்த அணியை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். அடுத்த நான்கு ஆட்டங்களையும் ஸ்பிரிட்ஸ் வரிசையாக வென்றது. உள்வட்டத்தில் பார்ன்ஸும் லூக்கஸும் ஒருவருக்கு ஒருவர் துணையாக நின்று பந்துக்குப் போராட, வெளியே லூயிஸ் நிதானமாக ஆட்டத்தை நடத்தினார். நெட்ஸின் சொந்த அரங்கத்தில் நடந்த ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் லூயிஸ் எடுத்த ஷாட் கூடைக்குள் விழுந்தபோது, சாம்பியன் அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. அடுத்த சுற்றில் கென்டக்கி கர்னல்ஸிடம் 4-1 என்று தோற்றார்கள். ஆர்ட்டிஸ் கில்மோரும் டேன் இசெலும் ஆடிய அந்தக் கென்டக்கி அணிதான் அந்த ஆண்டுப் பட்டத்தையும் வென்றது.

இரண்டாவது சீசனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராட் தார்ன் பயிற்சியாளராக வந்தார். சீசன் நடுவே அவரை மாற்றி ஜோ மல்லானியைக் கொண்டுவந்தார்கள். லூக்கஸைக் கென்டக்கிக்குக் கொடுத்துக் கால்டுவெல் ஜோன்ஸை வாங்கினார்கள். 1975 டிசம்பரில் யூட்டா ஸ்டார்ஸ் அணி கலைந்தபோது, பள்ளியிலிருந்து நேரே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்திருந்த மோசஸ் மலோனும், ரான் பூனும் இங்கே வந்து சேர்ந்தார்கள். பெயர்களைப் பார்த்தால் வலுவான அணி. ஆனால் ஆள்கள் வந்துபோய்க்கொண்டே இருந்த இடத்தில் கூட்டாட்டம் படியவில்லை. 35 வெற்றி, 49 தோல்வி, சீசனை முடித்த ஏழு அணிகளில் ஆறாவது இடம், பிளேஆஃப் இல்லை. பெரிய அரங்கத்தின் இருக்கைகள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. 1976 வசந்தத்தில் அணியை சால்ட் லேக் சிட்டிக்கு மாற்றுவதற்கான ஏற்பாடுகளும் நடந்தன. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் இரு லீக்குகளின் இணைப்பு வந்துவிட்டதால் அது நடக்கவில்லை.

பதில்: கணக்குத் தணிக்கையாளர்

ஆட்டத்தைப் பற்றி மேலே எழுதியவர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒப்பந்தத்தைத் தீர்க்கதரிசனம் என்று எழுதுவோர் அதன் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை என்பதால், மாணவிக்குப் பயன்படும் வகையில் அதைப் பிரித்துக் காட்ட விரும்புகிறேன்.

இணைப்புப் பேச்சு 1970இலேயே தொடங்கியிருந்தாலும், ஒரே லீக் ஆகிவிட்டால் சம்பளத்துக்குப் பேரம் பேச வழியிருக்காது என்று ஆஸ்கர் ராபர்ட்சனும் சக ஆட்டக்காரர்களும் தொடுத்த வழக்கு அதைத் தடுத்து நிறுத்தியிருந்தது. 1976 தொடக்கத்தில் அந்த வழக்கு சமரசமாக முடிந்தது. அதற்குள் ஏ.பி.ஏ. தேய்ந்துபோயிருந்தது: பால்டிமோர், சான் டியேகோ, யூட்டா என ஒன்றன்பின் ஒன்றாக அணிகள் மூடப்பட்டன, சீசன் முடிந்ததும் வர்ஜீனியாவும் போயிற்று. மிஞ்சியவை ஆறு. அவற்றில் டென்வர், இண்டியானா, நியூயார்க், சான் அன்டோனியோ ஆகிய நான்கை மட்டும் தலைக்கு 32 லட்சம் டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொள்ள என்.பி.ஏ. சம்மதித்தது. விடுபட்ட கென்டக்கிக்கும் செயின்ட் லூயிஸுக்கும் ஏதாவது கொடுத்துச் சம்மதம் பெறாமல் இணைப்பு நடக்காது.

கென்டக்கி முதலாளி ஜான் ஒய். பிரவுன் சுமார் 30 லட்சம் டாலரை ரொக்கமாக வாங்கிக்கொண்டு விலகினார். சில்னா சகோதரர்களோ 22 லட்சம் டாலரோடு, அந்த நான்கு அணிகள் ஒவ்வொன்றும் பெறும் தொலைக்காட்சி வருவாயில் ஏழில் ஒரு பங்கையும், லீக் இருக்கும் காலம்வரை பெறும்படி எழுதி வாங்கினார்கள். அந்த வாசகத்தை அமைத்ததில் அவர்களுடைய வழக்கறிஞர் டொனால்ட் ஷுபாக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

இதைக் கொடுத்தவர்கள் ஏமாளிகள் என்று இன்று சொல்லுவது எளிது. அன்றைய நிலையைப் பாருங்கள். ஏ.பி.ஏ.வின் கடைசி சீசனுக்கு நாடளாவிய தொலைக்காட்சி ஒப்பந்தமே இல்லை. சேர்க்கப்பட்ட நான்கு அணிகளுக்கும் முதல் சில ஆண்டுகள் தொலைக்காட்சிப் பணத்தில் பங்கு கிடையாது என்பது இணைப்பின் நிபந்தனை. 1980இல்கூட, மேஜிக் ஜான்சன் சென்டராக ஆடி 42 புள்ளிகள் எடுத்த இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தை அமெரிக்காவின் பல ஊர்களில் நேரலையாகக் காட்டவில்லை, இரவு வெகுநேரம் கழித்துப் பதிவாகத்தான் ஒளிபரப்பினார்கள். கையில் காசில்லாத நான்கு அணிகள், வராத பணத்தில் பங்கு எழுதிக்கொடுப்பதை மலிவான வழியாகக் கருதியதில் வியப்பில்லை. சில்னா சகோதரர்களுக்கும் மேஜிக், பேர்டு, ஜார்டன் போன்ற நட்சத்திரங்கள் வரப்போவது தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் கெட்டிக்காரத்தனம், அந்தப் பங்குக்கு முடிவுத் தேதி வைக்காமல் விட்டதில் இருக்கிறது.

இனி கணக்கு. நான்கு அணிகளிலிருந்து ஏழில் ஒன்று வீதம் என்றால், மொத்தம் ஓர் அணியின் பங்கில் ஏழில் நான்கு. 2008 முதல் 2016 வரை நடைமுறையில் இருந்த ஒப்பந்தத்தில் என்.பி.ஏ.வுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 93 கோடி டாலர் வந்தது. 30 அணிகளுக்குப் பிரித்தால் அணிக்கு 3 கோடியே 10 லட்சம். அதில் ஏழில் நான்கு என்பது ஏறத்தாழ 1 கோடியே 77 லட்சம் டாலர். ஓர் ஆட்டக்காரர்கூட இல்லாத அணிக்கு ஆண்டுதோறும் வந்த தொகை இது. 2014 வரை இப்படிச் சேர்ந்தது சுமார் 30 கோடி டாலர். கேபிள், இணையம், வெளிநாட்டு ஒளிபரப்பு ஆகியவையும் தங்கள் பங்கில் அடங்கும் என்று அவர்கள் நீதிமன்றம் போனதையடுத்து, 2014 ஜனவரியில் 50 கோடி டாலர் முன்பணமும் மிகச் சிறிய தொடர் பங்கும் என்று சமரசம் ஆனது.

அந்த 50 கோடியைப் பார்த்து எல்லோரும் வாய்பிளக்கிறார்கள். நானோ அதை என்.பி.ஏ.வுக்குச் சாதகமான சமரசமாகவே பார்க்கிறேன். அதே ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்ட அடுத்த தொலைக்காட்சி ஒப்பந்தம் ஒன்பது ஆண்டுகளுக்கு 2,400 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 266 கோடி. பழைய கணக்கையே வைத்துக்கொண்டால் சகோதரர்களுக்கு ஆண்டுக்கு 5 கோடிக்கு மேல் வந்திருக்கும். முடிவில்லாத உரிமையைப் பத்தாண்டு வருமானத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

மாலைநேரப் பயிற்சியாளர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 12 தோல்விகளுக்குப் பிறகு நான்கு வெற்றிகள் என்ற செய்தி எனக்கு முற்றிலும் புதிது. அதிலிருந்தே பிள்ளைகளிடம் தொடங்கப் போகிறேன். இரண்டு சந்தேகங்கள் மட்டும் மீதம் இருக்கின்றன. 1975இல் பட்டம் வென்ற கென்டக்கியையே ஒதுக்கிவிட்டு மற்ற நான்கையும் எந்த அடிப்படையில் எடுத்தார்கள்? அணி கலைந்த பிறகு ஸ்பிரிட்ஸ் ஆட்டக்காரர்கள் என்ன ஆனார்கள்?

பதில்: ரீபவுண்ட் ரசிகர்

முதல் சந்தேகத்துக்கு என் கருத்து இது. ஆடுகளத்து வலிமையை மட்டும் பார்த்திருந்தால் கென்டக்கியை விட்டிருக்க முடியாது. கடைசி சீசனில்கூட அவர்கள் 46 ஆட்டங்களில் வென்றார்கள், இண்டியானா வென்றது 39தான். டென்வரும் நியூயார்க்கும் 1975இலேயே தனியாக என்.பி.ஏ.வில் சேர விண்ணப்பித்திருந்தன, ஆகவே அவர்களுக்கு வழி முன்பே திறந்திருந்தது. கென்டக்கி விஷயத்தில், கில்மோரைப் பெறக் காத்திருந்த சிகாகோ புல்ஸின் எதிர்ப்பும் ஒரு காரணமாகப் பேசப்படுவதுண்டு. ஸ்பிரிட்ஸுக்கோ ஊரும் நிச்சயமில்லை, கூட்டமும் இல்லை. பெரிய நகரம் என்பதால் விடமாட்டார்கள் என்று வாங்கிய அணியை, நகரத்தில் ஆதரவில்லாத காரணத்தாலேயே விட்டுவிட்டார்கள்.

ஆட்டக்காரர்களைப் பொறுத்தவரை, கலைந்த இரண்டு அணிகளின் ஆள்களையும் 1976 ஆகஸ்டில் என்.பி.ஏ. அணிகள் தேர்வு முறையில் பிரித்துக்கொண்டன. முதலில் கில்மோர், சிகாகோவுக்கு. இரண்டாவதாக லூக்கஸைப் போர்ட்லாந்து எடுத்தது. 1977 பட்டத்தைப் போர்ட்லாந்து வெல்ல பில் வால்டனுக்குத் தோள்கொடுத்தவர் அவரே. மலோனையும் போர்ட்லாந்தே எடுத்தது, ஆனால் வைத்துக்கொள்ளவில்லை. பஃபலோ வழியாக ஹியூஸ்டனுக்குப் போன அவர் பிறகு மூன்று முறை என்.பி.ஏ.வின் மதிப்புமிக்க வீரரானார். எம்.எல். கார் பாஸ்டனோடு 1981, 1984 பட்டங்களைக் கண்டார். ரான் பூன் இரு லீக்குகளிலுமாகத் தொடர்ந்து 1,041 ஆட்டங்கள், ஒன்றையும் தவறவிடாமல் ஆடினார். அந்தக் கடைசி சீசனில் ஸ்பிரிட்ஸுக்கு ஆடிய மைக் டி'ஆன்டோனியைப் பிள்ளைகள் ஃபீனிக்ஸ், ஹியூஸ்டன் அணிகளின் பயிற்சியாளராக அறிந்திருப்பார்கள். நடுவில் மாற்றப்பட்ட பயிற்சியாளர் ராட் தார்ன்தான் 1984இல் சிகாகோவின் பொது மேலாளராக இருந்து மைக்கேல் ஜார்டனைத் தேர்ந்தெடுத்தவர். பார்ன்ஸ் டெட்ராய்ட்டுக்குப் போனார். பஃபலோ, பாஸ்டன், சான் டியேகோ என்று நான்கு சீசன்களில் நான்கு அணிகள் மாறியும் 1975இன் ஆட்டம் திரும்பவில்லை. போதைப் பழக்கமும் சிறையும் அவர் வாழ்க்கையில் குறுக்கிட்டன. 2014இல் காலமானார்.

பெயர் வெளியே தெரியாத ஏ.பி.ஏ. ஆட்டக்காரர்களைப் பற்றியும் அந்த மாணவியிடம் சொல்லுங்கள் ஐயா. என்.பி.ஏ.வில் போதிய ஆண்டுகள் ஆட வாய்ப்புக் கிடைக்காத பலருக்கு முதுமையில் ஓய்வூதியம் இல்லை. சிலர் மருத்துவச் செலவுக்கே தவித்தார்கள். முன்னாள் ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகள் கேட்டும் கெஞ்சியும், 2022 ஜூலையில்தான் என்.பி.ஏ.வும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து, ஏறத்தாழ 115 பேருக்குப் பகிர்ந்தளிக்க 2 கோடியே 45 லட்சம் டாலரை ஒதுக்கின. ஏ.பி.ஏ.வில், அல்லது இரு லீக்குகளிலுமாகச் சேர்த்து, குறைந்தது மூன்று சீசன்கள் ஆடியிருக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. ஸ்பிரிட்ஸ் இருந்ததோ இரண்டு சீசன்கள். அந்தச் சட்டையை மட்டும் அணிந்து ஆடி முடித்தவருக்கு அதிலும் பங்கு இல்லை.